நாய்க்குத் தெள்ளு வந்தால் தரைக்கும் வைத்தியம் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்யும் கால்நடை மருத்துவர். நாய்த் தெள்ளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், சந்தோஷமாக வந்துவிட்டேன், ஏனென்றால் பாலக்கோட்டிலிருந்து தேன்கனிக்கோட்டை வரை எங்கே போனாலும் என் காதில் விழுவது ஒரே புகார்தான். "நல்லாத்தான் குளிப்பாட்டினோம் டாக்டர், மருந்தும் போட்டோம், பத்து நாள்ல திரும்பவும் வந்துடுச்சு." உடனே மருந்து போலி என்று முடிவு கட்டி வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் மருந்தின் மேல் தப்பு இல்லை. நாய் மேல் ஓடுவதாக நாம் பார்க்கும் தெள்ளு, அந்த வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் இருக்கும். மீதி முழுவதும் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது.

முதலில் வந்திருப்பது தெள்ளுதானா என்று பாருங்கள். நம் ஊரில் நாய் மேல் எது இருந்தாலும் உண்ணி என்று சொல்லிவிடுகிறோம். உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு உப்பிப் போயிருக்கும், தெள்ளு அப்படி இல்லை, மயிருக்குள் விறுவிறுவென்று ஓடும், பிடிக்கப் போனால் துள்ளிவிடும். கண்ணில் படவில்லை என்றால் நாயின் முதுகில், வால் அடிப்பக்கமாக, பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். சிவப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் ரத்தம். உண்ணிக்குக் கொடுக்கும் எல்லா மருந்தும் தெள்ளுக்குக் கேட்காது. அமிட்ராஸ் கரைசல் உண்ணிக்கும் சொறிக்கும் நல்ல மருந்து, தெள்ளை அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

சரி, தரையில் என்ன நடக்கிறது? பெண் தெள்ளு நன்றாக ரத்தம் குடித்தால் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை வரை இடும். முட்டை மயிரில் ஒட்டாது, நாய் எங்கே படுக்கிறதோ, எங்கே உடம்பை உதறுகிறதோ அங்கே உதிர்ந்துவிடும். பொரித்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, கட்டிலுக்கு அடியில், கோணிச்சாக்கின் மடிப்பில், தரை வெடிப்பில் போய் ஒளிந்துகொண்டு, பெரிய தெள்ளு போட்ட எச்சத்தைத் தின்றே வளரும். அப்புறம் கூடு கட்டும். பட்டுப்புழு வளர்க்கும் நம் விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே மாதிரி இதுவும் தன் நூலால்தான் கூடு கட்டுகிறது, ஆனால் மிகவும் சிறியது, மேலே தூசியும் மண்ணும் ஒட்டிக்கொள்வதால் எது கூடு எது அழுக்கு என்றே தெரியாது. எந்த மருந்தும் அந்தக் கூட்டுக்குள் சரியாகப் போவதில்லை. உள்ளே இருக்கும் தெள்ளு ஆள் நடமாட்டத்தின் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, இதெல்லாம் தெரிந்தால்தான் வெளியே வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்து கதவைத் திறந்த உடனே கால் முழுக்கக் கடி வாங்குவது இதனால்தான். நாயே இல்லாத வீட்டில் எப்படித் தெள்ளு என்று கேட்பார்கள். முன்பு நாயோ பூனையோ அங்கே படுத்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் நாய்க்கு மருந்து போடும் அன்றைக்கே வீட்டு வேலையும் நடக்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கு, பழைய சேலை, மிதியடி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், சாக்கு மிகவும் மோசமாக இருந்தால் எரித்துவிடுங்கள். கட்டில், பீரோ, நெல் மூட்டை, புளி மூட்டை எல்லாவற்றையும் நகர்த்தி மூலைமுடுக்கு விடாமல் கூட்டி, வருகிற குப்பையை வாசலில் கொட்டாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள் அல்லது எரியுங்கள். மண் தரை என்றால் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். நம் சித்திரை வெயில் படும் திறந்த வாசலில் புழு பிழைக்காது, காய்ந்தே செத்துவிடும். நிழலும் ஈரமும் சேர்ந்த திண்ணை ஓரம், மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்கிய இடம், இங்கேதான் நீங்கள் தேட வேண்டும். ராத்திரி தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து அதற்கு மேலே சின்ன விளக்கு எரியவிட்டால் காலையில் தெள்ளு செத்து மிதக்கும். அது மட்டும் போதாது, ஆனால் எந்த அறையில் அதிகம் என்று அது காட்டிக்கொடுக்கும்.

நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுவிட்டு அப்புறம் உடம்புக்குப் போங்கள், இல்லாவிட்டால் எல்லாம் காதுக்கும் முகத்துக்கும் ஏறிவிடும். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்து ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும், அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. அதோடு மெத்தோபிரீன் சேர்ந்த மருந்து கிடைத்தால் இன்னும் நல்லது, அது முட்டையைப் பொரிக்க விடாது. வாய் வழியாகக் கொடுக்கும் புளூரலானர் மாத்திரை ஒன்று பன்னிரண்டு வாரம் வேலை செய்யும், ஆனால் வலிப்பு வந்த நாயாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு இது எதுவும் வேண்டாம், மிதமான சோப்புக் குளியலும் சீப்பும்தான். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், தெள்ளு ரத்தம் குடித்தே குட்டி செத்துப்போகும்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மாந்தோப்புக்கும் தக்காளிக்கும் அடிக்கிற மருந்தில் மிச்சம் இருந்ததை வாளித் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுகிறார்கள். செடிக்கு அடிப்பது நாய்க்கு ஆகாது. தோல் வழியாக ஏறும், நாய் நக்கும்போது வயிற்றுக்கும் போகும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கண்பாவை சுருங்கி, கழிச்சல் போனால் அது விஷம் ஏறிய நாய். கையில் உறை மாட்டிக்கொண்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள், டப்பாவைப் பார்த்தால்தான் என்ன மாற்று மருந்து போடுவது என்று எங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம், புகையிலைத் தண்ணீர், இரண்டையும் நாய் நக்கினால் விஷம். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினால் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய ஆட்கள் சொல்லும் கமாக்சின் என்ற பூச்சிக்கொல்லிப் பவுடர் 1997இலேயே தடை செய்யப்பட்டது, எங்காவது பழைய பொட்டலம் இருந்தால் தொடாதீர்கள். வீட்டுக்குள் மருந்து தெளிப்பதாக இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துவிடும். பட்டுப்புழு வளர்ப்பு மனை உள்ள வீடு என்றால் அந்தப் பக்கமே எதையும் தெளிக்காதீர்கள், மருந்து பட்ட கையோடு தழையைத் தொட்டாலும் புழு போய்விடும்.

பிள்ளைகளுக்கு ஆபத்தா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கடித்த இடம் தடிக்கும், அரிக்கும். நாயின் ஆசனவாய் ஓரத்தில் அரிசி அளவில் வெள்ளையாக நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு, நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது விழுங்கிய தெள்ளு வழியாக வந்தது. குழந்தை தெரியாமல் தெள்ளை விழுங்கினாலும் அதே புழு வரும், அதனால் நாய்க்குக் குடற்புழு மருந்தும் சேர்த்துக் கொடுங்கள். பிளேக் பயம் வேண்டாம், அதைப் பரப்புவதில் பேர் போனது எலித் தெள்ளு. 1898இல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் எலியிலிருந்து பிளேக் பரவுவது அதன் தெள்ளு வழியாக என்று கண்டுபிடித்தார். வீட்டில் எலி நிறைய இருந்தால் அதையும் கவனியுங்கள்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாயைக் கடிக்கும் தெள்ளு ஆட்டையும் கடிக்கும். குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கி வரும் ஆட்டை நேராகப் பட்டியில் விடாமல் தனியாகக் கட்டிப் பாருங்கள். நாய், பூனை, ஆடு எல்லாவற்றுக்கும் அதற்கதற்கு உரிய மருந்தை ஒரே நாளில் போடுங்கள், ஒன்றை விட்டால் அதிலிருந்து மறுபடி தொடங்கும்.

மருந்து போட்ட பிறகும் சில வாரம் தெள்ளு தென்படும். அது கூட்டிலிருந்து புதிதாக வருவது, மருந்து போட்ட நாய் மேல் ஏறினால் செத்துவிடும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்திவிடாதீர்கள், குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடருங்கள், அடுத்த மருந்து எந்தத் தேதி என்று காலண்டரில் குறித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு நாயோடு வாருங்கள், எடை பார்த்துத்தான் மருந்தின் அளவைச் சொல்ல முடியும். நன்றி, வணக்கம்.