‘சிங்கிங் இன் த ரெயின்’: காட்டிய கருவிகளும் மறைத்த குரலும்

நேயர்களுக்கு வணக்கம். ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்ற இசைப் படத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஸ்டான்லி டோனனும் ஜீன் கெல்லியும் சேர்ந்து இயக்கிய இப்படத்தைப் பெரும்பாலோர் அதன் மழைப் பாட்டுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். சினிமா தன் தொழில்நுட்பத்தையே கதையாக்கிக்கொண்ட படங்களுள் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

கதை 1927இல் நடக்கிறது. அவ்வாண்டு அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘த ஜாஸ் சிங்கர்’ பெற்ற வெற்றி, மௌனப் படங்களை எடுத்துவந்த நிறுவனங்களையெல்லாம் பேசும் படத்தின் பக்கம் தள்ளியது. அந்தத் தள்ளாட்டத்தைத்தான் இப்படம் காட்டுகிறது. கேமராவின் இரைச்சல் ஒலிப்பதிவில் சேராதிருக்க அதை ஒரு கூண்டுக்குள் அடைக்கிறார்கள். செடிக்குள் ஒளித்துவைத்த மைக்கை விட்டு, கதைக்குள் எடுக்கப்படும் படத்தின் நாயகி லீனா முகத்தைத் திருப்பும்போதெல்லாம் வசனம் காணாமல் போகிறது. மைக்கை அவள் மார்பருகே ஆடையில் பொருத்தினாலோ இதயத் துடிப்பு கேட்கிறது. முன்னோட்டக் காட்சியில் ஒலியும் படமும் விலகிப்போய், வில்லனின் தலையசைப்புக்கு நாயகியின் குரல் ஒலிக்கும்போது அரங்கமே சிரிக்கிறது. அக்காலத்துத் தொழிலாளர்கள் உண்மையாகவே பட்ட பாடு இது. அதனால்தான் எத்தனை முறை பார்த்தாலும் இந்த நகைச்சுவை தேய்வதில்லை.

தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் அந்த மாற்றத்தை நேரில் கண்டவர். நேசியோ ஹெர்ப் பிரவுனின் இசைக்கு அவர் எழுதிய பாடல்கள் எம்.ஜி.எம்.மின் 1929ஆம் ஆண்டுப் படமான ‘த பிராட்வே மெலடி’யில் இடம்பெற்றன. அப்படத்தின் ஒரு நடனத்தைத் திரும்பப் படமாக்க நேர்ந்தபோது, ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரரின் யோசனைப்படி, முன்பே பதிவாகியிருந்த பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கேற்ப ஆடவைத்தார்கள். அதுவே பிற்பாடு இசைப் படங்களின் பொது வழக்கமாயிற்று. அதே ஃப்ரீட்–பிரவுன் இணையரின் பழைய பாடல்களைக் கோத்துத்தான் பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் 1952ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையை எழுதினார்கள்.

மழைப் பாட்டின் படப்பிடிப்பைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். முன்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் மழைத்தாரை கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே ஒளிப்பதிவாளர் ஹரால்ட் ராசன் பின்னாலிருந்து ஒளி கொடுத்து ஒவ்வொரு தாரையையும் மின்னச் செய்தார். நீரில் பால் கலந்தார்கள் என்று பலரும் சொல்வது வெறும் கதை. நாயகனாகவும் நடித்த கெல்லி காய்ச்சலோடு ஆடினார் என்பதை அனைவரும் வியந்து சொல்கிறோம். நான் அதைவிட வியப்பது கேமராவின் பொறுமையைத்தான். ஆடுபவரின் உடல் தலை முதல் கால் வரை தெரியும்படி நீண்ட ஷாட்டுகளில் அது உடன் நகர்கிறது. அவர் விரித்த குடையோடு நடுத்தெருவில் சுழலும்போது மட்டும் கிரேனில் ஏறி விலகி, அந்த மகிழ்ச்சிக்குத் தெரு முழுவதையும் இடமாகக் கொடுக்கிறது.

இன்னொரு காட்சியில் நாயகன் தன் காதலி கேத்தியை வெற்றுப் படப்பிடிப்பு அரங்குக்கு அழைத்துச் சென்று, வண்ண விளக்கையும் காற்றாடியையும் ஒவ்வொன்றாக நம் கண்முன்னே இயக்குகிறான். பாட்டு தொடங்கிச் சற்று நேரத்தில் கேமரா நெருங்கிவர, அந்தக் கருவிகளெல்லாம் சட்டகத்தை விட்டு வெளியேறிவிடுகின்றன. செயற்கை என்று தெரிந்தபின்னும் நாம் மயங்குகிறோம்.

என் மனக்குறையும் இந்தத் தொழில்நுட்பத்தை ஒட்டியதுதான். கதைப்படி, கீச்சுக்குரல் கொண்ட லீனாவுக்குத் திரைமறைவில் குரல் கொடுப்பவள் கேத்தி. அவளுக்குரிய பெயர் அவளுக்கே சேர வேண்டும் என்பதே படத்தின் முடிவு. கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால், லீனாவுக்காக அவர் ‘வுட் யூ’ பாடுவதாக வரும் காட்சியில் நாம் கேட்பது பெட்டி நாய்ஸ் என்ற பாடகியின் குரல். லீனாவின் வசனத்துக்குக் கேத்தி குரல் கொடுக்கும் இடத்திலோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனே தம் இயல்பான இனிய குரலில் பேசியிருக்கிறார். பின்னணிப் பாடகர்களைப் பெயர் சொல்லிக் கொண்டாடும் நமக்கு, படத்தின் பெயர்ப் பட்டியலில் நாய்ஸின் பெயர் இல்லை என்பது உறுத்தத்தான் செய்யும். மறைந்திருந்து பாடியவளுக்காக இவ்வளவு உணர்ச்சியோடு வாதாடிய ஒரு படம், தனக்காகப் பாடியவரின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். நன்றி, வணக்கம்.