நன்கொடை வாங்கிய ஊர் கேள்வி கேட்குமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணித் தோழர்களே, வணக்கம்.

'மின் நிறுவனங்கள் உள்ளூர் அமைப்புகளுக்குத் தரும் நன்கொடை ஊருக்கு உதவியா, ஊர் வாய்க்குப் பூட்டா?' பூட்டுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தோழர், "அரசு தூர்வாராத கண்மாயை ஒரு கம்பெனி தூர்வாரிக் கொடுத்தால் வேண்டாம் என்பீர்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன். எப்போது கொடுத்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்பேன்.

நிலம் பேச ஆள் வந்த கொஞ்ச நாளில் கோயில் கொடைக்குப் பணம் வருகிறது. இளைஞர் மன்றத்துக்கு வாலிபால் வலை, மகளிர் குழுவுக்கு நாற்காலிகள். திட்டத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை. அப்புறம் ஒருநாள், மேய்ச்சல் நிலம் என்ன ஆகும், ஓடையை மறிப்பார்களா என்று கேட்க ஒருவர் எழுந்தால், அவரை உட்காரச் சொல்வது கம்பெனிக்காரர் இல்லை. கொடைக் கமிட்டியில் இருக்கும் அவருடைய சித்தப்பா. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நல்ல குணத்தையே இந்தப் பணம் நமக்கு எதிராகத் திருப்புகிறது. என் கோபமெல்லாம் அதில்தான்.

பெரிய அனல்மின் நிலையம் என்றால், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமாவது உண்டு. காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் அந்த அறிவிக்கையில் அதுவும் கிடையாது. கேள்வி கேட்க மேடையே இல்லாத இடத்தில் நன்கொடை விழாவுக்கு மட்டும் மேடை போட்டால், அந்த ஊர் என்ன செய்யும்?

"2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவே கொடுக்கச் சொல்கிறதே" என்றார்கள். சரி, படித்துப் பார்ப்போம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபத்திலிருந்து! இன்னும் ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்காத புதுக் கம்பெனிக்கு ஏது லாபம்? அது அனுமதிக்கு முன்பே கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சட்டம் எப்படிக் காரணமாகும்? லாபம் வந்த பிறகும், எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வது இயக்குநர் குழு. ஊர்க்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு. குளோஸ்டர்ஷயரில் டிடன்ஹாம் என்ற ஊரில் ஒரே ஒரு காற்றாலை நிறுவ விண்ணப்பித்தார்கள். வருவாயில் 4 சதவீதத்தை ஊர் நிதிக்குத் தருவோம் என்றார்கள். ஃபாரஸ்ட் ஆஃப் டீன் மாவட்ட மன்றம் அதையும் கணக்கில் எடுத்து அனுமதி கொடுத்தது. உள்ளூர்வாசி ஒருவர் வழக்குப் போட்டார். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போய், அனுமதி ரத்தானது. திட்ட அனுமதி விலைக்கு வாங்கும் பொருள் இல்லை. அந்த நிலத்தில் காற்றாலை நிற்கலாமா என்ற கேள்விக்கும் ஊர் நிதிக்கும் சம்பந்தமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். இத்தனைக்கும் அங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஊர் நன்மைக்கென்றே வந்த திட்டம் அது. அதற்கே இந்தக் கண்டிப்பு என்றால், இரவோடு இரவாகக் கை மாறும் பணத்தை என்ன சொல்வது?

"அப்படியானால் ஊருக்கு ஒன்றும் வேண்டாமா?" என்று எதிரணி கேட்கும். நிச்சயம் வேண்டும், இன்னும் அதிகமாக வேண்டும்! ஸ்காட்லாந்தில் அரசின் வழிகாட்டுதல், ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்று பரிந்துரைக்கிறது. 50 மெகாவாட் காற்றாலைப் பண்ணை என்றால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு. அங்கேயும் அது கட்டாயமில்லைதான். ஆனால் தொகை ஊரறிந்தது. அனுமதி தருவதா வேண்டாமா என்பதில் அதற்கு இடமும் இல்லை. டென்மார்க்கில் 2009 முதல் பல ஆண்டுகள், புதுக் காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்றே சட்டம் இருந்தது. பங்குதாரர் கணக்குக் கேட்பார். நன்றிக்கடன் பட்டவர் கேட்கத் தயங்குவார்.

நடுவர் அவர்களே, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து முடிவு வரும்வரை அந்தக் கம்பெனி அந்த ஊரில் எந்த அமைப்புக்கும் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. முடிவு வந்த பிறகு கொடுப்பதை, இத்தனை மெகாவாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு, ஊராட்சிக் கணக்கில் செலுத்தி, கிராம சபையில் வாசிக்க வேண்டும். தருவது உதவிதான் என்றால், இந்த இரண்டு நிபந்தனைகளை ஏற்பதில் என்ன தடை என்பதை எதிரணித் தலைவர் தம் முறை வரும்போது சொல்லட்டும். நன்றி, வணக்கம்.