இரண்டு ஜிபி ரேமில் ஓர் உலாவி

வணக்கம் நேயர்களே.

இரண்டு ஜிபி ரேம், சுழலும் வன்தட்டு, பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு மடிக்கணினி. விண்டோஸ் தவழ ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டு டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ நிறுவியாயிற்று. கணினி நன்றாகத்தான் எழுந்திருக்கிறது. உலாவியில் நான்காவது டேப்பைத் திறந்ததும் சுட்டி உறைகிறது, வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிகிறது. 'லினக்ஸுக்கு லேசான உலாவி எது?' என்ற தேடல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உலாவியை மாற்றுவதற்கு முன் டெர்மினலில் இரண்டு கட்டளைகளை அடித்துப் பார்த்துவிடுங்கள். முதலில் 'ஃப்ரீ மைனஸ் ஹெச்'. அதில் ஃப்ரீ என்ற நெடுவரிசை காட்டும் சின்ன எண்ணைக் கண்டு பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளின் நகல்களை வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். கடைசியில் இருக்கும் 'அவைலபிள்' தான் உண்மையான இருப்பு. உலாவியைத் திறக்கும் முன்னரே அது 1 ஜிபிக்குக் கீழே என்றால், குற்றவாளி உலாவி அல்ல, டெஸ்க்டாப் சூழல். அதை எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போன்ற லேசான சூழலாக மாற்றுங்கள்.

அடுத்தது 'எல்எஸ்சிபியூ'. அதன் முதல் வரிகளில் '32-பிட், 64-பிட்' என இரண்டும் வந்தால் உங்கள் செயலி 64 பிட் இயங்குதளத்தைத் தாங்கும். ரேம் குறைவு என்பதற்காக 32 பிட் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. சில நூறு மெகாபைட் மிச்சம்தான். ஆனால் கூகுள் 2016லேயே 32 பிட் லினக்ஸுக்கு குரோம் தருவதை நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸ் 144ஆம் பதிப்போடு நிறுத்தியது. எஞ்சியிருப்பது ஃபயர்பாக்ஸ் 140 இஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பு, அதற்கும் 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்றுதான் மொசில்லா சொல்லியிருக்கிறது. 64 பிட் தாங்கும் செயலி என்றால் மாறிவிடுங்கள்.

இனி உலாவிக்கு வருவோம். கடைத்தெருவில் இருபது பெயர்ப்பலகை தெரிந்தாலும் பின்கட்டில் அடுப்புகள், அதாவது பக்கத்தை வரையும் எஞ்சின்கள், பெரும்பாலும் மூன்றுதான். குரோமியத்தின் பிளிங்க், ஃபயர்பாக்ஸின் கெக்கோ, ஆப்பிள் வளர்க்கும் வெப்கிட். ஃபால்கன் லேசானது என்பார்கள், அதன் உள்ளே க்யூடி வெப்எஞ்சின் வழியாக ஓடுவது பிளிங்க்தான். ஒரு காலத்தில் வெப்கிட்டில் ஓடிய மிடோரியின் பழைய புகழை நம்பி இன்றும் பரிந்துரைக்கிறார்கள், இப்போது அது கெக்கோ மேல் நிற்கிறது. ரேமைத் தின்பது மெனுவும் பொத்தான்களும் அல்ல, பக்கத்தை வரைந்து ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சின். மேல்சட்டையை மாற்றினால் சில பத்து மெகாபைட் குறையலாம். ஒரு செய்தித்தளத்தைத் திறந்த நொடியில் அந்த லாபம் கரைந்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஆபத்தும் உண்டு. டெபியன் தன் பாதுகாப்புத் திருத்தங்களை ஃபயர்பாக்ஸுக்கும் குரோமியத்துக்கும் வெப்கிட்டின் லினக்ஸ் வடிவமான வெப்கிட்ஜிடிகேவுக்கும் ஒழுங்காகத் தருகிறது. க்யூடி வெப்எஞ்சினுக்குத் தருவதில்லை, நம்பகமான பக்கங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே டெபியனில் ஃபால்கனை வைத்து வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். லேசான மேல்சட்டைதான் வேண்டுமென்றால் வெப்கிட்ஜிடிகேவில் ஓடும் க்னோம் வெப், பழைய பெயரில் எபிஃபனி, பரவாயில்லை. விளம்பரத் தடுப்பும் கூடவே வரும். ஆனால் நகல்காப்புப் பூட்டுள்ள திரைப்படத் தளங்கள் அதில் ஓடாது.

உண்மையாகவே லேசானவை தங்கள் சொந்த எஞ்சினில் ஓடுபவை. 1999இல் பிறந்த டில்லோ, 2002இல் தொடங்கிய நெட்சர்ஃப். கண் சிமிட்டும் முன் திறக்கும், சில பத்து மெகாபைட்டில் பக்கத்தைக் காட்டும். டில்லோ எடுத்தால் 3.1 அல்லது அதற்கு மேல் பாருங்கள். 2015இல் வந்த 3.0.5ல் ஹெச்டிடிபிஎஸ் அரைகுறை, ஒன்பது வருடம் கழித்து 2024இல் வந்த 3.1ல்தான் அது ஒழுங்கானது. டில்லோவில் ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது, நெட்சர்ஃபில் பேருக்குத்தான் உண்டு. ரயில் முன்பதிவு, வங்கி, வாட்ஸ்அப் எதுவும் நடக்காது. ஆவணம், விக்கிப்பீடியா, உதவிக் கையேடு படிக்கலாம்.

தமிழ் படிப்பவருக்கு இன்னொரு சிக்கல். டில்லோ பயன்படுத்தும் எஃப்எல்டிகே 1.3 என்ற வரைகலை நூலகம் எழுத்துகளைக் குறியீட்டு வரிசையில் அப்படியே வைக்கும், இடம் மாற்றிக் கோக்காது. 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' சிதறும். எழுத்துரு மாற்றிப் பயனில்லை, குறை எழுத்துருவில் இல்லை. நெட்சர்ஃபின் ஜிடிகே பதிப்பு பாங்கோ நூலகத்தைக் கொண்டு வரைவதால் தமிழ் ஒழுங்காக வரும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் மட்டும் எழுத்துரு இல்லை என்று பொருள், லோஹித் தமிழையோ நோட்டோவையோ நிறுவினால் சரியாகும்.

எனவே என் பரிந்துரை: படிக்க நெட்சர்ஃப், மற்ற எல்லாவற்றுக்கும் ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி. இந்த நீட்சியை விளம்பர எரிச்சலுக்கான மருந்தாக மட்டும் பார்க்கக்கூடாது. 2021 முதல் ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் செயல்முறை, அதாவது ரேமில் தனி இடம் பிடித்து ஓடும் ஒரு நிரல், ஒதுக்குகிறது. ஒரு செய்திப் பக்கத்துக்குள் வேறு தளங்களிலிருந்து வரும் விளம்பரச் சட்டங்களும் ஆளுக்கொரு செயல்முறை கேட்கும். ஒரே டேப்பைத் திறந்திருப்போம், உள்ளே ஐந்தாறு குடும்பம் குடியேறியிருக்கும். விளம்பரத்தை வாசலிலேயே தடுத்தால் அத்தனை பேரும் வருவதில்லை. முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, ப்ராசஸஸ் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து, நீட்சிக்கு முன்னும் பின்னும் அந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். குரோமில் முழு யூபிளாக் ஆரிஜின் இப்போது ஓடாது, சுருக்கப்பட்ட லைட் வடிவம்தான்.

இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரை ஒன்று, செயல்முறை எண்ணிக்கையை 8லிருந்து 1 ஆக்கச் சொல்லும். தளவாரிப் பிரிப்பு வந்த பிறகு அதற்குப் பெரிய பலன் இல்லை. பிரிப்பையே அணைத்தால் ரேம் மிஞ்சும்தான், ஆனால் ஒரு தளம் இன்னொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்காமல் இருக்கப் போட்ட சுவர் அது. இடிக்காதீர்கள். 140ஆம் பதிப்பு முதல் டேப் மேல் வலது க்ளிக் செய்து 'அன்லோட்' கொடுக்கலாம். டேப் இருந்த இடத்தில் இருக்கும், ரேம் திரும்பி வரும்.

சுழலும் வன்தட்டில் வேறொரு நோய். ஃபயர்பாக்ஸ் திறந்த டேப்களின் நிலையை 15 வினாடிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும். முன்போலவே அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்துத் திறக்கும் பக்கத்தில் 'செஷன்ஸ்டோர் இன்டர்வெல்' என்று தேடி, மில்லிவினாடிக் கணக்கில் உள்ள 15000 என்பதை 60000 ஆக்குங்கள், நிமிடத்துக்கு ஒருமுறையாகும். உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற சுருக்கி அடைத்த பொதியாக வருகிறது, இப்படிப்பட்ட வன்தட்டில் முதல் முறை திறக்க நேரமெடுக்கும். டெப் என்ற வழக்கமான பொதிக்கு மொசில்லாவே களஞ்சியம் நடத்துகிறது, அங்கிருந்து நிறுவலாம்.

எந்த உலாவி எவ்வளவு தின்கிறது என்று ஒப்பிடுபவர்கள் ஹெச்டாப் என்ற கண்காணிப்புக் கருவியில், ஒவ்வொரு செயல்முறையும் பிடித்திருக்கும் ரேமைக் காட்டும் ரெஸ் எண்களைக் கூட்டிவிடுகிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து போன ஆட்டோவுக்கு ஐந்து பேரிடமும் முழுக் கட்டணம் வசூலித்த மாதிரி. பகிர்ந்த நினைவகத்தைப் பங்கு பிரித்துக் கணக்கிடுவது ஸ்மெம் என்ற கருவி, அதில் பிஎஸ்எஸ் நெடுவரிசையைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உறைந்தால் இசட்ரேம் போடுங்கள். நினைவகத்தில் பயன்படாத பகுதிகளை வன்தட்டுக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொதி. இடிசி, டீஃபால்ட் அடைவில் இசட்ரேம்ஸ்வாப் கோப்பைத் திறந்து, பெர்சென்ட் வரியின் முன்னுள்ள ஹேஷ் குறியை நீக்கி 50 என்று வைத்துச் சேவையை மறுபடி தொடக்குங்கள். நான்காவது டேப்பில் நின்ற கணினி அதைத் தாண்டி ஓடக்கூடும்.

யூடியூப் திணறுவது மட்டும் ரேம் விவகாரம் அல்ல. 2011இன் சாண்டி பிரிட்ஜ், 2012இன் ஐவி பிரிட்ஜ் போன்ற இன்டெல் சில்லுகளில் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்க வன்பொருள் உண்டு, விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்க முறைகளுக்கு இல்லை. யூடியூப் அனுப்ப விரும்புவதோ பின்னவை. செயலி தனியாக மல்லாடி விசிறி கத்துகிறது. என்ஹான்ஸ்டு ஹெச்264ஐஃபை என்ற நீட்சியைச் சேர்த்து விபி9, ஏவி1, நொடிக்கு 60 படச்சட்ட வேகம் மூன்றையும் தடை செய்யுங்கள். வன்பொருள் கைகொடுக்கிறதா என்பதை விஏஇன்ஃபோ கட்டளை சொல்லும். இல்லையென்றால் 480பியில் நிறுத்திக்கொள்ளுங்கள், பதினான்கு அங்குலத் திரைக்கு அது போதும். நன்றி, வணக்கம்.