ஈ இல்லாத நாவல் சர்க்கஸா? ஜார்ஜ் பெரெக் பத்தி வந்த கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. இது கொஞ்சம் கோவமா வந்திருக்கு, அதனாலயே எடுத்துக்கிட்டேன். போன வீடியோல ஜார்ஜ் பெரெக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு தாண்டிப் போயிட்டேன், முன்னூறு பக்க நாவல் முழுக்க ஈ-ங்கற எழுத்தே வராம எழுதின ஆளுன்னு. அதுக்கு ஒரு நண்பர் கேக்குறாரு. "அண்ணே, அம்மாவ ஆஷ்விட்ஸ்ங்கற நாஜி கொலை முகாம்ல பறிகுடுத்த ஒருத்தர் உக்காந்து எழுத்த ஒளிச்சு வச்சு விளையாடிட்டு இருந்தாரா? நடந்தத நேரா எழுதியிருக்கலாமே? எனக்கு இது சர்க்கஸ் மாதிரி தெரியுது."

நியாயமான கேள்விதாங்க. எனக்கும் முதல்ல கேள்விப்பட்டப்ப அப்படித்தான் இருந்துச்சு. ஈ-ன்னா பறக்குற ஈ இல்ல, ஏ பி சி டி ஈ-ல வர்ற ஈ. பிரெஞ்சுல அதிகமா புழங்குற எழுத்தே அதுதான், அது இல்லாம ஒரு பாரா எழுதறதே பெரும்பாடு.

இதுல நம்ம ஆளுங்களுக்கு ஆச்சரியம் கொஞ்சம் கம்மியா இருக்கும், ஏன்னா உதடு ஒட்டாம பாடுற நிரோட்டகம், திருப்பிப் படிச்சாலும் அதே வர்ற மாலைமாற்று எல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு. பெரெக்கும் மாலைமாற்று எழுதியிருக்காரு, 1969-ல, அஞ்சாயிரம் எழுத்துக்கு மேல. திறமைன்னு பாத்தா பெரிய திறமை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நண்பர் கேக்குறது திறமைய பத்தி இல்ல, எதுக்காகங்கறத பத்தி. அதுக்கு இவரோட வாழ்க்கைய கொஞ்சம் சொல்லணும்.

1936 மார்ச் 7, பாரிஸ். அப்பா அம்மா ரெண்டு பேருமே போலந்துல இருந்து வந்த யூதர்கள். பெல்வில் பக்கம் விலான் தெருன்னு ஒரு ஏழைப்பட்ட தெரு, அதுல 24-ம் நம்பர் வீடு, அங்கதான் அம்மா சிர்லா பெண்களுக்கான சின்ன சலூன் ஒண்ணு வச்சிருந்தாங்க. போர் வந்ததும் அப்பா தானா போய் பிரெஞ்சு ராணுவத்துல சேர்றாரு, குடியுரிமை இல்லாதவங்களுக்குன்னு இருந்த வெளிநாட்டவர் படைப்பிரிவுல. 1940 ஜூன்ல, பிரான்ஸ் சரணடையறதுக்கு சில நாள் முன்னாடி, குண்டு பட்டு ரத்தம் போய் செத்துட்டாரு. பையனுக்கு நாலு வயசு.

அப்புறம் ஜெர்மன்காரன் பாரிஸ்ல வந்து உக்காந்துட்டான். அம்மா பையன செஞ்சிலுவைச் சங்க ரயில்ல ஏத்தி விட்டுட்டாங்க, போர்ல அப்பாவ இழந்த பிள்ளைங்கள ஏத்திட்டுப் போன ரயில் அது. கிரெனோபிள் பக்கம் மலையில வில்லார் த லான்ஸ்னு ஒரு ஊரு, அங்க அத்தை குடும்பம் இருந்துச்சு. பையன் தப்பிச்சது அப்படித்தான், மலை ஊர்ல கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துல ஞானஸ்நானம் எல்லாம் குடுத்து, யூதப் பையன்னு வெளிய தெரியாம வளத்தாங்க. அம்மாவும் பின்னாடியே வர முயற்சி பண்ணியிருக்காங்க, ஜெர்மன்காரன் பிடிச்சு வச்சிருந்த பகுதியோட எல்லைய தாண்ட கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன ஆள் சொன்ன இடத்துக்கு வரல, திரும்பி பாரிஸுக்கே போயிட்டாங்க. நம்ம புருஷன் பிரான்ஸுக்காக செத்தவராச்சே, நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை வேற. 1943 ஜனவரில பிடிச்சாங்க. பிப்ரவரி 11-ம் தேதி, பாரிஸ் பக்கத்துல யூதர்கள அடைச்சு வச்சிருந்த திரான்சி முகாம்ல இருந்து ஆஷ்விட்ஸ் ரயில்ல ஏத்துனாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு தகவலும் கிடையாது. பிரான்ஸ்ல இருந்து இப்படி ஏத்தி அனுப்புன யூதர்கள் கிட்டத்தட்ட 76,000 பேரு, திரும்பி வந்தவங்க ரெண்டாயிரத்தி ஐநூறு பேரு இருக்கும். பெரெக் இத எழுதும்போது ஒரு இடத்துல சொல்றாரு, சாகறதுக்கு முன்னாடி அம்மா தன்னோட பிறந்த நாட்ட இன்னொரு தடவ பாத்தாங்கன்னு. ஆஷ்விட்ஸ் இருக்கறது போலந்துலதானே. நான் அந்த வரிய படிச்சுட்டு புத்தகத்த மூடி வச்சுட்டேன், அன்னைக்கு அதுக்கு மேல படிக்க முடியல.

இப்ப கேள்விக்கு வர்றேன். நேரா எழுதியிருக்கலாமேன்னா, எத எழுதுறது? முகாம்ல இருந்து மீண்டு வந்தவங்க கிட்ட பாத்தது இருக்கு, பட்டது இருக்கு. இவருகிட்ட என்ன இருக்கு? இவரு எதையும் பாக்கல. அப்பாவுக்காவது ஒரு கல்லறை இருக்கு, அம்மாவுக்கு அதுவும் இல்ல. போர் முடிஞ்சு 1947-ல அரசாங்கம் ஒரு காகிதம் குடுக்குது, அதுல அம்மா செத்துட்டாங்கன்னு இல்ல, 'காணாமல் போனார்'னு இருக்கு. அந்தக் காகிதத்துக்குப் பேரே காணாமப் போனதுக்கான சான்றிதழ். 1958-ல இன்னொரு ஆணை வந்து, இவங்க 1943 பிப்ரவரி 11 அன்னைக்கு திரான்சில இறந்ததா வச்சுக்கலாம்னு முடிவு பண்றாங்க. அது சாவு நாளே இல்ல, ரயில் ஏத்துன நாள்! அடுத்த வருஷம் இன்னொரு காகிதம், இந்தம்மா பிரெஞ்சுக் குடிமகளா இருந்திருந்தா 'பிரான்ஸுக்காக உயிர்நீத்தவர்'ங்கற மரியாதைக்கு தகுதி உண்டுன்னு. இருந்திருந்தா! ஆபீஸ் பாஷைன்னா எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரிதான் போல.

அந்த 1947 காகிதத்துல இருக்கற 'காணாமல் போதல்'ங்கற வார்த்தை பிரெஞ்சுல 'டிஸ்பாரிசியோன்'. 1969-ல வந்த அந்த ஈ இல்லாத நாவலோட தலைப்பு 'லா டிஸ்பாரிசியோன்'. புரியுதுங்களா? அம்மாவோட சான்றிதழ்ல இருந்த வார்த்தைதான் தலைப்பு, இத அவரு அப்ப யாருக்கும் விளக்கிச் சொல்லிட்டு இருக்கல.

நாவல்ல என்ன நடக்குதுன்னா, ஆன்டன் வாய்ல்னு ஒருத்தன் காணாமப் போறான், தேடிப்போற சிநேகிதங்க ஒவ்வொருத்தரா சாகுறாங்க. எதையோ காணோம், எதுன்னு யாராலயும் சொல்ல முடியல, சொல்ல வாய் எடுத்தா காலி. 26 எழுத்துக்கு 26 அத்தியாயம், அதுல அஞ்சாவது அத்தியாயம் கிடையாது, நாலுக்கு அடுத்து ஆறு. ஈ அஞ்சாவது எழுத்துதானே, அதான்.

இப்ப ஒரு சின்ன வேலை பண்ணுங்க. தமிழ்ல ம வரிசையே இல்லாம, ம், ம, மா, மி எதுவுமே வராம உங்க கதைய எழுதிப் பாருங்க. அம்மான்னு எழுத முடியாது. குடும்பம் போச்சு. முகம், ஞாபகம், மரணம் எல்லாம் போச்சு. நான்-னு எழுதலாம், நாம்-னு எழுத முடியாது. ஏன், தமிழ்னே எழுத முடியாது. பிரெஞ்சுல ஈ-ய எடுத்தா இதவிட மோசம். அப்பா, அம்மா, பெற்றோர், குடும்பம் எதுக்கும் பிரெஞ்சு வார்த்தைய எழுத முடியாது, எல்லாத்துலயும் ஈ இருக்கு. தன்னோட பேரயே எழுத முடியாது, ஜார்ஜ் பெரெக்னு பிரெஞ்சுல எழுதுனா அதுல நாலு ஈ. அதோட பிரெஞ்சுல அந்த எழுத்தோட உச்சரிப்பும் 'அவங்க'ங்கறதுக்கான வார்த்தையோட உச்சரிப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால 'ஈ இல்லாம'ன்னு வாய்விட்டுச் சொன்னா 'அவங்க இல்லாம'ன்னும் காதுல விழும். இது விமர்சகருங்க இழுத்துப் பிடிச்சு சொல்றதுன்னு நீங்க நினைக்கலாம். ஆனா ஆறு வருஷம் கழிச்சு அவரு அப்பா அம்மா பத்தி எழுதுன புத்தகத்த யாருக்குக் காணிக்கை போட்டிருக்காருன்னு பாருங்க, 'ஈ-க்கு'. ஒத்தை எழுத்து, வேற ஒண்ணும் இல்ல.

அந்தப் புத்தகந்தான் 'டபிள்யூ, அல்லது சிறுவயது நினைவு', 1975. நண்பர் சொன்ன 'நேரா எழுதறது' இதுல இருக்கு. ஆனா எப்படி நேரா எழுதுறாருன்னு பாருங்க. சிறுவயசு ஞாபகம்னு எனக்கு எதுவும் இல்லன்னு சொல்லித்தான் தன் கதையவே ஆரம்பிக்கிறாரு. இருக்கற ரெண்டு மூணு ஞாபகத்தையும் அவரே கிழிச்சுப் போடுறாரு. அப்பா பத்தியும் அம்மா பத்தியும் இளவயசுல எழுதி வச்சிருந்த பக்கங்கள அப்படியே குடுத்துட்டு கீழ குறிப்பு மேல குறிப்பா போட்டு, இது தப்பு, இந்த வருஷம் தப்பு, இது நானா கட்டுனதுன்னு அவரே திருத்துறாரு.

ரயில்வே ஸ்டேஷன் சம்பவம் ஒண்ணு. அம்மாவ கடைசியா பாத்த நாள் அது. அம்மா ஒரு சார்லி சாப்ளின் படக்கதை வாங்கிக் குடுக்குறாங்க, அட்டையில சாப்ளின் பாராசூட்ல தொங்குறாரு, பாராசூட்டோட கயிறு அவரு பேன்ட் வாரு. பையன் கையில கட்டு போட்டு கழுத்துல தொங்கவிட்டிருக்கு. சரி, கை உடைஞ்சிருந்துச்சான்னு அத்தைய கேட்டா, இல்லவே இல்ல, உனக்கு ஒண்ணுமே ஆகலன்னுட்டாங்க. அப்ப அந்தக் கட்டு எங்க இருந்து வந்துச்சு? யோசிச்சு யோசிச்சு பாக்குறாரு, ஏதோ ஒண்ணு நம்மள தாங்கிப் பிடிச்சிருக்கணும்னு மனசு தானா போட்டுக்கிட்ட கட்டு அது. இதுல இன்னொண்ணு, 1958-ல கட்டாய ராணுவ சேவைக்குப் போறாரு, அவர போடுறது பாராசூட் படையில! விமானத்துல இருந்து குதிக்கிற அந்த நொடியிலதான், எல்லா கயிறும் அறுந்து ஒத்தையா விழறப்பதான், அந்த சாப்ளின் அட்டைக்கு அர்த்தம் புரிஞ்சுதுன்னு எழுதுறாரு. இத ஒரு நாவல்ல கற்பனையா எழுதியிருந்தா ரொம்ப ஓவர்னு சொல்லியிருப்போம்.

அந்தப் புத்தகத்துல ஒரு அத்தியாயம் விட்டு ஒரு அத்தியாயம் வேற ஒரு கதை ஓடும். தென் அமெரிக்காவோட அடிக்கோடியில டபிள்யூன்னு ஒரு தீவு, விளையாட்டுதான் அங்க எல்லாமே, ஒலிம்பிக்ஸ் மாதிரி. பதிமூணு வயசுல அவரு கிறுக்கி வச்ச கதை அது. முதல்ல ஜாலியா இருக்கும், அப்புறம் தோத்தவனுக்கு சாப்பாடு கிடையாதுங்கறது வரும், விதிமுறை இஷ்டத்துக்கு மாறும், பக்கம் போகப் போக நமக்கு வயித்தக் கலக்கும், கடைசில அது என்ன இடம்னு சொல்லாமலே நமக்குத் தெரிஞ்சுரும். ஒரு பக்கம் ஞாபகம் இல்லாத ஒருத்தன், இன்னொரு பக்கம் அவன் பாக்காத முகாம். ரெண்டும் சேர்ற இடத்த அவரு எழுதவே இல்ல. ரெண்டு பாகத்துக்கும் நடுவுல ஒரு பக்கத்துல அடைப்புக்குறி, அதுக்குள்ள மூணு புள்ளி, அவ்வளவுதான் இருக்கும்.

விளையாட்டுன்னு சொன்னீங்கல்ல, இவரு 1967-ல ஊலிப்போங்கற குழுவுல சேர்றாரு, கணக்கும் இலக்கியமும் கலந்து விதி போட்டு எழுதுற ஆளுங்க. அத 1960-ல ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பிரான்சுவா லெ லியோனே. அவரு யாருன்னா, ஜெர்மன்காரனுக்கு எதிரான ரகசிய இயக்கத்துல இருந்து மாட்டி, டோராங்கற நாஜி முகாமுக்குப் போய் மீண்டு வந்தவரு. அங்க ஆள் எண்ணிக்கை எடுக்க மணிக்கணக்கா நிக்க வைப்பாங்கல்ல, அப்ப பக்கத்துல நிக்கிற பையனுக்கு தான் பாத்த ஓவியங்கள ஒவ்வொரு மூலையா ஞாபகத்துல இருந்து சொல்லிட்டே இருப்பாராம். அதனால அந்தக் குழுவ வேலையத்த பணக்காரங்க பொழுதுபோக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பெரெக்கும் பணக்காரரு எல்லாம் இல்ல, 1961-ல இருந்து 78 வரைக்கும் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்துல அட்டை அட்டையா குறிப்பு அடுக்குற வேலைதான் பாத்தாரு. 78-ல 'லைஃப் எ யூசர்ஸ் மேனுவல்'ங்கற பெரிய நாவல் வந்து மெடிசிங்கற பிரெஞ்சு இலக்கியப் பரிசு வாங்கினதுக்கு அப்புறந்தான் வேலைய விட்டாரு. நாலே வருஷம், 1982 மார்ச் 3, நுரையீரல் புற்றுநோய், 46 முடிய நாலு நாள் இருந்துச்சு.

அந்தப் பெரிய நாவல பத்தி தனி வீடியோவே போடணும், இப்ப ஒண்ணே ஒண்ணு. ஒரு அடுக்குமாடி கட்டடம், பத்துக்கு பத்து கட்டமா நூறு கட்டம், செஸ் குதிரை தாவுற மாதிரி அறை அறையா போவாரு. நூறு இருக்கணும், ஆனா 99 அத்தியாயந்தான். அங்கயும் ஒண்ண காணோம். பார்ட்டில்பூத்னு ஒரு ஆள் வாழ்நாள் பூரா 500 ஜிக்சா புதிர் சேக்கணும்னு உக்காந்து 439-வதுல சாகுறான், மிச்சமிருக்கற ஓட்டை எக்ஸ் வடிவம், கையில இருக்கற துண்டு டபிள்யூ வடிவம். மறுபடியும் டபிள்யூ.

குறையும் சொல்லிடறேன். எனக்கு பிரெஞ்சு தெரியாது, ஈ இல்லாத நாவல கில்பர்ட் அடேரோட ஆங்கில மொழிபெயர்ப்புல படிச்சேன், 1994-ல வந்தது, அந்த மனுஷனும் ஈ இல்லாமலே மொழிபெயர்த்திருக்காரு! ஆனா நடுவுல நூறு பக்கம் எனக்கு இழுவைதான், கதைக்குள்ள கதை, அதுக்குள்ள இன்னொரு கதைன்னு போய்ட்டே இருக்கும், அந்த இடத்துல நண்பர் சொல்ற சர்க்கஸ் எனக்கும் தெரிஞ்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதனால முதல் தடவ படிக்கிறவங்க அதுல ஆரம்பிக்காதீங்க, 'டபிள்யூ'ல ஆரம்பிங்க, டேவிட் பெலோஸ் ஆங்கிலத்துல நல்லா பண்ணியிருக்காரு, சின்ன புத்தகந்தான்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சுக்குறேன், நண்பர் கேட்ட 'நேரா' இதுதான்னு எனக்குத் தோணுது. 1969-ல ஒரு திட்டம் போட்டாரு, பாரிஸ்ல 12 இடம், 12 வருஷம், ஒவ்வொரு இடத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவ நேர்ல போய் கண்ணுல படறத எழுதறது, இன்னொரு தடவ ஞாபகத்துல இருந்து எழுதறது, கவர்ல போட்டு ஒட்டி வச்சிடறது. பாதில விட்டுட்டாரு. அந்த 12-ல ஒண்ணு விலான் தெரு. 69-க்கும் 75-க்கும் நடுவுல ஆறு தடவ போயிருக்காரு, ஒவ்வொரு தடவையும் இடிச்சது போக மிச்சம் இருக்கற வீடுகள நம்பர் நம்பரா எழுதுறாரு, இந்தக் கடை மூடியிருக்கு, இந்த ஜன்னல செங்கல் வச்சு அடைச்சிருக்குன்னு. 24-ம் நம்பர் வந்ததும், இது நான் இருந்த வீடுன்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு குறிப்பு. கீழ ஒரு கதவு, அடைச்சுக் கிடக்கு. சுத்தி பழைய பெயின்ட், மேல இன்னும் முழுசா அழியாத எழுத்து, 'பெண்கள் சிகை அலங்காரம்'. அது யாரோட கடைன்னு எழுதல, அடுத்த நம்பருக்குப் போயிட்டாரு.

சரி, அடுத்த கேள்வி பாப்போம்.