காலால் பிறந்தவன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தசைவலி, மூட்டுவலி பற்றியும் அதில் ஆஸ்டியோபதி, அதாவது தசையையும் மூட்டையும் கையாலேயே பிடித்துச் சரிசெய்யும் சிகிச்சை, என்ன செய்யும் என்பது பற்றியும் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த நொடியில் உங்கள் தோள்கள் எங்கே இருக்கின்றன? காதுக்குப் பக்கத்திலா? கீழே இறக்குங்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஸ்டியரிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். சரி, இனிப் பேசலாம்.

நான் காலால் பிறந்தவன், அதாவது தலைக்குப் பதில் கால்தான் முதலில் வெளியே வந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கும் முதுகுப்பிடிப்பும் போய்விடும் என்ற நம்பிக்கை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் அந்தப் பெருமை எனக்கு மட்டும்தான். ஆறு ஏழு வயதிருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாமா ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார். பாயில் குப்புறப் படுத்து, "மெதுவா மூணு மிதி மிதிய்யா" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன். அதற்குக் கூலி ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், துருவிய ஐஸில் இனிப்பு ஊற்றித் தருவார்களே, அது. விஷயம் பரவி, மூன்றாவது மாடிச் சீனத் தாத்தாவும் வந்தார். அம்மா அவருக்குத் தனியாக ஒரு துண்டு விரிப்பார். மிதி வாங்கியவர்கள் இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்து நடந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெய்வமே என் பாதத்தில் குடியிருப்பதாக நினைத்தேன்.

பிற்பாடு லண்டனில் ஆஸ்டியோபதி படிக்கப் போனபோதுதான் தெரிந்தது, திடீரென்று பிடித்துக்கொள்ளும் இடுப்புவலி பெரும்பாலும் சில நாளிலோ சில வாரங்களிலோ தானாகவே தணிந்துவிடும் என்று. என் காலுக்குக் கிடைத்த பெயர் காலத்துக்குப் போயிருக்க வேண்டியது. ஐஸ் கச்சாங்கை இனித் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. என் தொழிலிலும் இதே ஆபத்து இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது என்னிடம் வருகிறார்கள். நான் கை வைக்கிறேன். வலி குறைகிறது. அதில் கை செய்தது எவ்வளவு, காலம் செய்தது எவ்வளவு என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1864இல் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகள் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. 1874இல் தன் முறையை அறிவித்தார், 1892இல் மிசூரி மாநிலத்தில் பள்ளி தொடங்கினார். சிறுவயதுக் கதை ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். பத்து வயதில் ஒருநாள் தலைவலி. இரண்டு மரத்துக்கு நடுவே கட்டியிருந்த ஏர்க்கயிற்று ஊஞ்சலைத் தரையை ஒட்டி இறக்கி, மேலே ஒரு போர்வையைப் போட்டு, கழுத்தைக் கயிற்றில் சாய்த்துப் படுத்தார். அப்படியே தூங்கிப்போனார். எழுந்தபோது தலைவலி இல்லை. ஒரு தொழிலே அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது என்று வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் அவர் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் எலும்பையும் மூட்டையும் குற்றவாளியாக்கினார். அது இன்று நிற்காது. ஆஸ்துமாவைக் குணமாக்குகிறேன் என்று ஓர் ஆஸ்டியோபத் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், என்னை டாக்டர் என்று கூப்பிட வேண்டாம். அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் முழு மருத்துவர்கள், அறுவை சிகிச்சைகூடச் செய்வார்கள். பிரிட்டனில் படித்த நான் அப்படியல்ல. எனக்குத் தெரிந்தது தொட்டுப் பார்ப்பது, அழுத்துவது, இழுப்பது, மூட்டை அசைப்பது. மருந்தும் ஊசியும் என்னிடம் இல்லை.

இப்போது முறுக்கு அக்கா கதை. என் நண்பர்கள் இதை நூறு தடவை கேட்டிருப்பார்கள், நீங்கள் ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு ஓர் அக்கா வந்தார். பின்கழுத்தில் தொடங்கி நெற்றிப்பொட்டு வரை வலி. கோடாலித் தைலத்தை அரைப் பாட்டில் பூசியிருந்தார், அறைக்குள் வருமுன்பே வாசம் வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் வாயு என்று சொல்லிப் பூண்டு ரசமாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டேன். "தங்கக் கை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றே நாளில் திரும்பி வந்தார். மறுபடி பிடித்துவிட்டேன். மறுபடி வந்தார். இரண்டு தடவையும் காசு வாங்கிக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் தடவைதான் புத்தி வந்தது. "அக்கா, பகல் முழுக்க என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். ஆர்டருக்கு முறுக்குச் சுடுகிறாராம். "எப்படிப் பிழிவீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். எழுந்து நின்று, கற்பனை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அச்சைத் தூக்கிப் பிடித்தார். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அவர் குள்ளம். வீவக என்ற அரசாங்க அடுக்குமாடி வீட்டு அடுப்பு மேடை, அதன் மேல் அடுப்பு, அதன் மேல் சட்டி, அதற்கும் மேலே அச்சு. இரண்டு தோளும் காதைத் தொட, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மாவை அமுக்குகிறார். தோளைத் தூக்கும் தசைகள் எங்கே போய் ஒட்டியிருக்கின்றன? கழுத்து எலும்பிலும் மண்டையின் அடியிலும். தலை வலிக்காமல் என்ன செய்யும்?

உடனே பெரிய மேதை மாதிரி, "ஒரு மணைப்பலகை போட்டு ஏறி நில்லுங்க" என்றேன். "கொதிக்கிற எண்ணெய் முன்னாலயா? என்னை ஒரேயடியா அனுப்பப் பாக்குறீங்களா தம்பி?" என்றார். வழியையும் அவரே கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசையில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் மேல் முறுக்கைப் பிழிந்துகொண்டு, பிறகு ஒவ்வொன்றாக எண்ணெயில் நழுவ விட்டார். மேசை தாழ்வு, ஆகவே தோளும் தாழ்ந்தது. அதற்குப் பிறகு நான் பிடித்துவிட்டது நிலைத்தது. அந்தத் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு வந்தது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வலி ஓரிடத்தில் இருக்கும், அதை வளர்க்கும் வேலை வேறிடத்தில் நடக்கும். பிடித்துவிடுவது கொஞ்ச நாளுக்கு வழி திறந்து கொடுக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் அசைய வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும், முறுக்குப் பிழிகிற மேசையை மாற்ற வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டியும் இடுப்புவலிக்குக் கைச்சிகிச்சையைத் தனியாகப் பரிந்துரைக்கவில்லை, உடற்பயிற்சியோடு சேர்த்தால் யோசிக்கலாம் என்கிறது. தோள் மறுபடி மேலே போயிருக்குமே? இறக்குங்கள்.

அடிக்கடி வரும் மற்ற வலிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடுப்புவலிதான் முதலிடம். நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்கள், டாக்சி ஓட்டும் அண்ணன்கள், தேசிய சேவைக்குப் போய் ராணுவ மூட்டை சுமக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளையைத் தூக்கும் பாட்டிகள் எல்லாரும் வருகிறார்கள். கைச்சிகிச்சை ஓரளவுக்கு உதவுவதற்குச் சான்று இருப்பதும் இங்கேதான். ஆனால் படுத்தே கிடக்காதீர்கள், முடிந்த அளவு நடமாடுங்கள். அடுத்தது உறைந்த தோள். தலைவாரக் கை எழாது, ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், நம் வீடுகளில் அது யாருக்கு இல்லை? இதற்குப் பொறுமை வேண்டும், ஓராண்டு ஈராண்டுகூட ஆகலாம். ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்பவரிடம் தோளைக் கொடுக்காதீர்கள். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் எடையைக் குறைப்பதும்தான் பெரிய மருந்து, என் கை அதில் சின்னத் துணைதான்.

எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி, அந்தச் 'சொடக்' சத்தம். எலும்பு நகர்ந்து இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் ஒரு வழுவழுப்பான நீர் இருக்கிறது. மூட்டை இழுக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, நீரில் கரைந்திருந்த வாயு ஒரு குமிழியாக வெளிப்படுகிறது. 2015இல் கனடாவில் ஒருவரின் விரல் மூட்டுகளை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, சத்தம் வரும் நொடியில் குமிழி உருவாவதைப் படமே பிடித்தார்கள். ஆக, நம் பாட்டிகள் எதற்கெடுத்தாலும் வாயு வாயு என்றதில் இந்த ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது! சத்தம் வந்தால்தான் குணம் என்பது இல்லை. சத்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம்தானா? முறுக்கு நேரத்தைத் தின்றுவிட்டது. கடைசிக்கு என்று வைத்திருந்ததை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இடுப்புவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லையா, உட்காருகிற இடம் மரத்துப்போகிறதா, கால் பலமிழக்கிறதா? என்னிடம் வராதீர்கள், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சை அடைத்து, இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால் தைலம் தேடாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி, வயதானவர் விழுந்தபின் வரும் வலி, இவற்றுக்கு முதலில் அரசாங்கப் பாலிகிளினிக் மருத்துவர். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், யார் கை வைப்பதற்கு முன்னும் அதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டுகளுக்குச் சட்டப்படி பதிவு உண்டு, ஆஸ்டியோபத்துகளுக்கு இல்லை. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. ஆகவே எங்கே படித்தீர்கள், எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். குதிகால் வலிக்கு ஒரு பயிற்சி சொல்வதாக இருந்தேன், தம்பி இப்போது கையையே வீசுகிறார். வணக்கம்.