ஹாம்ட்ராமிக்: ஒரு சின்ன நகரத்தின் நூறாண்டுத் தலைக்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஹாம்ட்ராமிக் என்ற ஊர். மொத்தப் பரப்பே சுமார் ஐந்தரை சதுர கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஹைலண்ட் பார்க்கைத் தொடுகிறது. மற்றபடி சுற்றிலும் டெட்ராய்ட் மாநகரம். நடுவில் தனி மேயர், தனி நகர்மன்றம், தனி போலீஸ் என்று தன் போக்கில் இருக்கிறது இந்த ஊர்.

2015 நவம்பரில் இந்தப் பெயர் உலகம் முழுக்கச் செய்திகளில் அடிபட்டது. ஆறு பேர் கொண்ட நகர்மன்றத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள். அமெரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள முதல் நகர்மன்றம் அதுதான் என்று எழுதினார்கள். போலந்துக்காரர்களின் ஊராக இருந்தது, இப்போது முஸ்லிம்களின் ஊராகிவிட்டது என்று ஒரே வரியில் கதையைச் சுருக்கியும் விட்டார்கள். அந்த ஒரு வரி எனக்கு ஒப்பவில்லை. மக்கள்தொகைக் கணக்கைப் படிக்கிறவர்கள் யாரும் அதை ஒப்பமாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் போகத் தொடங்கியதற்கும் இவர்கள் பெரிய அளவில் வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த அறுபது ஆண்டுகளில் ஊர் தேய்ந்துகொண்டே இருந்தது.

சில எண்களைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1910-ல் இங்கே 3,559 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில், 1920-ல், 48,615 பேர். 1930-ல் 56,268. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு 1990 வரை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இறக்கம்தான். 1950-ல் 43,355; 1960-ல் 34,137; 1990-ல் வெறும் 18,372. அதாவது மூன்றில் இரண்டு பங்கு மக்கள், இன்று நாம் பேசுகிற புதியவர்கள் பெரிய அளவில் வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டார்கள். யாரும் வந்து அவர்களை வெளியே தள்ளவில்லை. சரி, பிறகு ஏன் போனார்கள்? அதற்கு முதலில் ஏன் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1910 வாக்கில் ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் என்ற சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையை இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் ஃபோர்டு கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தார்கள். 1914-ல் தங்கள் பெயரிலேயே கார் செய்யத் தொடங்கினார்கள். 'டாட்ஜ் மெயின்' என்று பெயர் பெற்ற அந்த ஆலை கூப்பிட்ட கூப்பிடுக்கு போலந்து நாட்டுக் கிராமத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். அதுவரை அந்த இடம் பெரும்பாலும் ஜெர்மானியக் குடும்பங்களின் கிராமம். வந்தவர்கள் வேறு மொழி பேசினார்கள், கத்தோலிக்கர்கள், கூட்டமாக வாழ்ந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஓட்டுப் பலத்தால் ஊர் நிர்வாகம் அவர்கள் கைக்கு வந்தது. 1922-ல் ஹாம்ட்ராமிக் நகரமாக ஆனபோது முதல் மேயர் பீட்டர் ஜெஸெவ்ஸ்கி என்ற போலந்து வம்சாவளிக்காரர். இப்போது நடந்த மாற்றத்தை இதுவரை இல்லாத புதுமை போலப் பேசுகிறவர்கள் இந்த முதல் மாற்றத்தை மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்தாண்டில் அவசர அவசரமாகக் கட்டிய வீடுகள்தான் இந்தக் கதையின் அச்சு. முப்பதடி அகல மனை. அதில் நெருக்கமாக ஒரு மரவீடு. பல வீடுகளில் கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். வீட்டுக்கார அம்மாள் தனியாக வந்த தொழிலாளிகளுக்கு அறை வாடகைக்கு விட்டு, அவர்களுக்குச் சமைத்தும் போடுவாள். ஆலைக்கு நடந்தே போய்விடலாம். கடையும் தேவாலயமும் நடை தூரத்தில். காரைச் செய்கிற ஊர் கார் இல்லாதவர்களுக்காகக் கட்டப்பட்டது. இந்தப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகளாகவும் இருக்கவில்லை. 1935-ல் இறைச்சி விலை தாறுமாறாக ஏறியபோது மேரி ஸுக் என்ற இல்லத்தரசியின் தலைமையில் கடைகளின் முன்னால் மறியல் செய்தார்கள். அடுத்த ஆண்டு நகர்மன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது அவரையே உறுப்பினராக அனுப்பினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படித்தார்கள், கையில் கார் இருந்தது, அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைத்தது. வடக்கே வாரன், ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்று புதுப் புறநகர்கள் எழுந்தன. முன்னால் புல்வெளி, பக்கத்தில் கார் நிறுத்த இடம். முப்பதடி மனையில் யார் இருப்பார்கள்? வயதான பெற்றோர் இருந்தார்கள், பிள்ளைகள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை புனித ஃப்ளோரியன் தேவாலயத்துக்குப் பூசைக்கு வந்து, ஜோசப் காம்பாவ் வீதியில் சாசேஜ் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 1980 ஜனவரியில் டாட்ஜ் மெயின் ஆலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. பிறகு ஆலையையே இடித்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் புது ஆலை கட்ட முன்வந்தது. டாட்ஜ் மெயின் இருந்த நிலம் மட்டும் அதற்குப் போதவில்லை. எல்லையை ஒட்டி டெட்ராய்ட்டுக்குள் இருந்த 'போல்டவுன்' என்ற குடியிருப்பை டெட்ராய்ட் மாநகர நிர்வாகம் கையகப்படுத்தியது. போலந்து வம்சாவளி முதியவர்களும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்த இடம் அது. சுமார் 4,200 பேர் வெளியேற வேண்டியிருந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். வேலைவாய்ப்பு வருவதும் பொதுநலம்தான் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1981-ல் தீர்ப்பளித்தது. 2004-ல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று ரத்து செய்தது. இடித்த வீடுகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இங்கே இன்னொரு கூட்டத்தாரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். போலந்துக்காரர், முஸ்லிம் என்று இரண்டு பெயரை மட்டும் வைத்துக் கதை சொல்கிறவர்கள் இவர்களை விட்டுவிடுகிறார்கள். ஹாம்ட்ராமிக்கில் தொடக்கத்திலிருந்தே கறுப்பின மக்கள் இருக்கிறார்கள். 1950, 60-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடிக்கத் தேர்ந்தெடுத்த தெருக்களும், நெடுஞ்சாலைக்கு விட்டுக்கொடுத்த தெருக்களும் பெரும்பாலும் அவர்கள் வாழ்ந்தவை. மாற்று வீடு தரவில்லை. 1968-ல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நகர நிர்வாகம் வேண்டுமென்றே கறுப்பின மக்களை ஊரைவிட்டு அகற்றியது என்று 1971-ல் நீதிபதி டேமன் கீத் தீர்ப்புச் சொன்னார். வீடு கட்டித் தர நகரம் ஒப்புக்கொள்ள 1980 ஆயிற்று. கடைசி வீடுகள் எழும்ப இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. வழக்குப் போட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. தலைக்கணக்கில் ஓர் எண் குறைந்தால், அவர்கள் தாமாகப் போனார்களா, போக வைத்தார்களா என்று கேட்க வேண்டும். புறநகருக்குப் போன போலந்து இளைஞனையும் புல்டோசரால் துரத்தப்பட்ட கறுப்பினக் குடும்பத்தையும் சென்சஸின் மொத்த எண் ஒரே விதமாகத்தான் கழித்துக் காட்டும்.

அப்புறம் வந்தவர்கள் யார்? யேமன் நாட்டவர் டெட்ராய்ட் வட்டாரக் கார் ஆலைகளில் வெகுகாலமாகவே வேலை பார்த்தவர்கள். 1970-களுக்குப் பிறகு ஹாம்ட்ராமிக்கிலும் தெற்குப் பக்கமாகக் குடும்பத்தோடு தங்கத் தொடங்கினார்கள். 1990-களில் போஸ்னியப் போரிலிருந்து தப்பியவர்கள் வந்தார்கள். அதே காலத்தில் வங்கதேசத்தவர் வந்தார்கள், அதிலும் சில்ஹெட் பகுதிக்காரர்கள். இவர்களில் பலர் விமானத்திலிருந்து நேராக இங்கே இறங்கியவர்கள் அல்லர். நியூயார்க்கில் அஸ்டோரியா போன்ற இடங்களில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே வாடகை கட்டி மாளாமல், மிச்சிகனில் மலிவாக வீடு கிடைக்கிறது, உதிரிபாக ஆலைகளில் வேலை இருக்கிறது என்று உறவுக்காரர் சொல்லக் கேட்டு வந்தவர்கள். மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம் என்ற அந்தப் பழைய போலந்து வீடு, அண்ணன் தம்பி சேர்ந்து வாழும் சில்ஹெட் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல அமைந்தது. நடந்து போகிற தூரத்தில் கடை, தொழுகைக்கு இடம், கார் ஓட்டத் தெரியாத பெரியவர்களுக்கும் சிரமம் இல்லை. நூறாண்டுக்கு முன்னால் போலந்து மக்களுக்கு எது வசதியாக இருந்ததோ, அதேதான் இவர்களுக்கும் வசதி. என் கணிப்பில் இந்த ஊரின் மக்கள்தொகையை நிர்ணயித்தது மதம் அல்ல. மலிவான சின்ன வீடும், எட்டும் தூரத்து ஆலை வேலையும்தான்.

1990-ல் 18,372 ஆகக் குறைந்திருந்த எண்ணிக்கை 2000-ல் 22,976 ஆனது. 2020-ல் 28,433. அறுபதாண்டுத் தேய்மானம் கண்ட ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. அதே காலத்தில் பக்கத்தில் டெட்ராய்ட் லட்சக்கணக்கில் மக்களை இழந்துகொண்டிருந்தது. காலியாகக் கிடந்த கடைகளில் சேலைக் கடை, மீன் கடை, யேமனிய உணவகம் என்று விளக்கு எரியத் தொடங்கியது. காணண்ட் வீதியின் ஒரு பகுதிக்கு 2008-ல் 'பங்களாதேஷ் அவென்யூ' என்று கௌரவப் பெயரும் வைத்தார்கள்.

ஆனால் அமெரிக்க சென்சஸில் இந்த மாற்றத்தைத் தேடினால் பாதிதான் தெரியும். அங்கே மதத்தைக் கேட்பதே இல்லை. ஆகவே முஸ்லிம்கள் இத்தனை சதவீதம் என்று சொல்வதெல்லாம் மதிப்பீடு மட்டுமே. அடுத்து, அரபு வம்சாவளியினரை 'வெள்ளையர்' என்ற இனப்பிரிவில்தான் சேர்க்கிறார்கள். எனவே 1928-ல் கட்டி முடித்த புனித ஃப்ளோரியன் தேவாலயத்துக்குப் போகும் போலந்துப் பாட்டியும், போன ஆண்டு யேமனிலிருந்து வந்த இளம் தாயும் ஒரே கட்டம்.

கணக்கெடுப்பில் எண்ணப்படுவது ஒன்று, ஓட்டுப் போடுவது இன்னொன்று. 1999 நவம்பர் தேர்தலில் ஒரு குழுவினர் வாக்குச்சாவடிகளில் நின்றுகொண்டு, மாநிறத் தோலோ அரபுப் பெயரோ உள்ள வாக்காளர்களை நீ குடிமகன்தானா என்று தடுத்தார்கள். அவர்களைக் குடியுரிமைச் சத்தியம் செய்ய வைத்த பிறகே தேர்தல் அலுவலர்கள் ஓட்டுப் போட விட்டார்கள். பாஸ்போர்ட் காட்டியவர்களுக்கும் இதே கதி. மத்திய அரசின் நீதித் துறை வழக்குத் தொடுத்தது; இனி இப்படி நடக்காது என்று நகரம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. 2011-ல், கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டப்படி, வங்காள மொழியிலும் தேர்தல் உதவி தர வேண்டிய ஊர்களின் பட்டியலில் ஹாம்ட்ராமிக் சேர்ந்தது.

2004-ல் அல் இஸ்லாஹ் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டபோது பெரிய விவாதம் எழுந்தது. தேவாலய மணி ஒலிக்கும்போது பாங்கு ஒலித்தால் என்ன என்று ஒரு தரப்பு. மணி வெறும் ஓசை, பாங்கு ஒரு மத அறிக்கை என்று மறுதரப்பு. நகர்மன்றம் அனுமதித்தது. எதிர்த்தவர்கள் மக்கள் வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். அதிலும் அனுமதியே வென்றது. அன்று முஸ்லிம்களின் ஓட்டு மட்டும் இதற்குப் போதாது. மற்றவர்களும் ஆதரித்ததால்தான் இது நடந்தது.

2021-ல் அமெர் காலிப் மேயராகத் தேர்வானார். யேமனில் பிறந்து, பதின்பருவத்தில் இங்கே வந்து, கார்ப் பாக ஆலையில் வேலை பார்த்தவர். ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் போலந்து வம்சாவளி அல்லாத முதல் மேயர். அவரிடம் தோற்ற கேரன் மஜெவ்ஸ்கி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மேயராக இருந்தவர், ஊரின் முதல் பெண் மேயரும் அவர்தான். நகர்மன்றத்தின் ஆறு பேரும் முஸ்லிம்கள் ஆனார்கள். அதில் ஒருவர் அமாண்டா யாச்கோவ்ஸ்கி, இஸ்லாத்தைத் தழுவிய போலந்து வம்சாவளிப் பெண். ஊரைப் போலந்து, முஸ்லிம் என்று இரண்டாகக் கோடு போட்டுப் பிரிப்பவர்கள் அவரை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

2023 ஜூனில் இந்த மன்றம் நகரத்துக்குச் சொந்தமான இடங்களில் குறிப்பிட்ட சில கொடிகள் தவிர மற்றவற்றை ஏற்றக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பாலினச் சிறுபான்மையினரின் வானவில் கொடி அதனால் இறங்கியது. நடுநிலைக்காக என்று மன்றம் சொன்னது. பாங்கு விவகாரத்தில் துணை நின்றவர்கள் பலர் மனம் நொந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அதேசமயம், வந்தவர்கள் எல்லோரும் ஒரே கருத்துக்காரர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. அந்த ஊரின் வங்கதேச, யேமனிய அரசியலுக்குள்ளேயே போட்டியும் பிளவும் நிறைய உண்டு.

இன்று ஹாம்ட்ராமிக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர். அமெரிக்காவின் பல சிற்றூர்களில் பள்ளிகளை மூடிக்கொண்டிருக்கும்போது இங்கே வகுப்பறைகள் நிரம்பியிருக்கின்றன. ஆனால் ஊர் ஏழை ஊர். 2000-லும் 2013-லும் மாநில அரசு தன் நிதி மேலாளரை அனுப்பி நிர்வாகத்தைக் கையில் எடுக்கும் அளவுக்குக் கஜானா வறண்டது. ஆட்கள் கூடினாலும் சின்ன வீடுகளின் வரி வருமானம் அதே வேகத்தில் கூடுவதில்லை. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இப்போது 'ஃபேக்டரி ஜீரோ' என்ற பெயரில் மின்சார வண்டிகள் செய்கிறது. டாட்ஜ் மெயின் காலத்துப் பல்லாயிரம் வேலை இனி வரப்போவதில்லை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே தலையெடுத்த வங்கதேசக் குடும்பங்கள், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும், கொஞ்சம் பெரிய வீடு தேடி வடக்கே நகர்கின்றன. அவர்களும் போவது அதே வாரன், ஸ்டெர்லிங் ஹைட்ஸ் பக்கம்தான். அவர்கள் விட்டுப்போகும் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது அமெரிக்கா குடியேற்றக் கதவை எவ்வளவு திறந்து வைக்கிறது என்பதைப் பொறுத்தது. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு கணக்கெடுப்பில் தனிப்பிரிவு தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு முடிவெடுத்தது. அந்த முடிவு நிலைத்தால், 2030 கணக்கெடுப்பில் ஹாம்ட்ராமிக்கின் யேமனியர்கள் முதல்முறையாக 'வெள்ளையர்' பிரிவுக்கு வெளியே தனிப்பிரிவில் எண்ணப்படுவார்கள். வணக்கம்.