குற்றவாளி யாரென்று முதலில் தெரியட்டும்

நண்பர்களே, 1919-ல் பாரிஸில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன், கடுமையான சீதபேதி. பாஸ்டர் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் டெரெல் அவனுக்காக ஒரு திரவத்தைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது வைரஸ். முந்தைய நாளே டெரெலும், பேராசிரியர் ஹுட்டினெலும், பயிற்சி மருத்துவர்கள் சிலரும் அதைக் குடித்துப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பையனுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். பேதி நின்றது. சில நாளில் தேறிவிட்டான்.

வைரஸைக் குடிப்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். இந்த வைரஸ் நம் செல்களைத் தொடாது, பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். பேஜ் என்று பெயர். நம் குடலில் இப்போதும் கோடிக்கணக்கில் இருக்கிறது. பாக்டீரியாவுக்குள் தன் மரபணுவைச் செலுத்தி, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆய்வகத் தட்டில் பாக்டீரியா பாலாடை மாதிரி படர்ந்திருக்கும். அதன்மேல் பேஜ் ஒரு சொட்டு விட்டு ராத்திரி வைத்துவிட்டால், காலையில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெளிந்திருக்கும். பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

ஆன்டிபயாடிக் களையோடு பயிரையும் சேர்த்துக் கருக்கிவிடும். பேஜ் தனக்கு ஒத்த பாக்டீரியாவை மட்டும் தேடிப் போகும். அதனால், நோய்க்குக் காரணம் வேறு பாக்டீரியா என்றால் பலன் இல்லை.

டாக்காவில் அதுதான் நடந்தது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கொல்லும் பேஜ் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. கெடுதல் இல்லை, குணமும் இல்லை. சேர்த்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் ஈ.கோலை வயிற்றுப்போக்கு என்று பரிசோதனையில் உறுதியானது. அவர்கள் குடலிலும் பேஜ் பெருகும் அளவுக்கு அது இல்லை. இதைப் பேஜின் தோல்வி என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குற்றவாளி யாரென்று தெரியாமல் கொடுத்ததுதான் கோளாறு.

2019-ல் வந்த ஆய்வைப் பாருங்கள். மதுவால் கல்லீரல் அழற்சி வந்தவர்களின் மலத்தில் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா மிக அதிகம். ஆனால் அதில் எல்லாமே கெட்டதல்ல. சிலவகை மட்டும் சைட்டோலைசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அந்த வகை குடலில் இருந்த நோயாளிகளில் 89 சதவீதம் பேர் 180 நாளுக்குள் இறந்துபோனார்கள். இல்லாதவர்களில் இறந்தவர்கள் 4 சதவீதம்கூட இல்லை. சரி, குற்றவாளி பிடிபட்டது. அதற்கேற்ற பேஜைச் சாக்கடைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்து, இந்த நோயாளிகளின் குடல் பாக்டீரியாவை ஏற்றிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். கல்லீரல் பாதிப்பு குறைந்தது.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்குமா என்பதை முறையான சோதனைதான் சொல்ல வேண்டும். பேதியில் துவண்ட குழந்தையை வைத்துக்கொண்டு பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது கஷ்டம். கல்லீரல் நோயாளி விஷயத்தில் ஒரு மலப் பரிசோதனை செய்து, அந்த நஞ்சின் மரபணு இருக்கிறதா என்று பார்க்க நேரம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேஜை எடுங்கள்.